நாளைய உலகமும் நம் தோட்டமும்

எதிர்கால உலகம் இவ்வாறிருக்கும் என்று மாதிரி செய்து காட்டிப் பெரும் கண்காட்சிகள் நடத்துவது மேனாட்டார் வழக்கம். அவற்றில் நம் தோட்டத்து ரப்பருக்கு இடமிருந்தது. மரம் சீவிய கைகளுக்கு என்ன கிடைத்தது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1924-ஆம் ஆண்டில் இலண்டனை அடுத்த வெம்பிளியில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யக் கண்காட்சி திறக்கப்பெற்றது. மறு ஆண்டும் நடந்த அதனைக் கண்டோர் ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் பேர். அங்கே மலாயாவுக்கெனத் தனி மண்டபம் எழுப்பி, ரப்பரையும் ஈயத்தையும் அந்நாட்டின் செல்வமென்று காட்டினர்.

1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அங்கு ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் அமைத்த 'ஃபியூச்சராமா' மண்டபத்தில், மக்கள் நகரும் நாற்காலிகளில் அமர்ந்தவாறே 1960-ஆம் ஆண்டின் அமெரிக்காவைக் கண்டனர். அகன்ற நெடுஞ்சாலைகளும் அவற்றில் விரையும் மோட்டார் வண்டிகளுமே அக்காட்சியின் உயிர். எதிர்காலத்தைக் கண்டவர் என்பதற்கு அடையாளமாக, வெளிவருவோர்க்கு ஒரு சின்னமும் அளித்தனர். மோட்டாருக்குச் சக்கரம் வேண்டும். சக்கரத்திற்கு ரப்பர் வேண்டும். மலாயா ரப்பரை மிகுதியாக வாங்கிய நாடும் அமெரிக்காவே.

அந்த ரப்பரைத் தந்தவர் நிலை யாது? இரண்டே ஆண்டுகளில், 1941-இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? துரை எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே! உலகம் மோட்டாரில் பறக்க ரப்பர் தந்தவன், சைக்கிளில் நிமிர்ந்து செல்லும் உரிமையைக் கெஞ்சிக் கேட்க வேண்டியிருந்தது. துப்பாக்கிச் சூடே அதற்கு விடையாயிற்று. தொழிலாளர் சிலர் மாண்டனர்.

பிற்காலத்தில் அத்தகைய நாளைய நகரம் டெங்கிலுக்கு அருகிலேயே மெய்யாக எழுந்தது. முதல் உலகப் போரில் பணியாற்றிய ஆங்கிலேயர் 1921-இல் தொடங்கிய பிராங் பெசார் தோட்டம், உயர்ந்த ரக ரப்பர்க் கன்றுகளுக்குப் பேர்பெற்றது. 'பெரும் போர்' என்பது அப்பெயரின் பொருள். 1995-இல் அம்மண்ணில் புத்ராஜாயா கட்டத் தொடங்கினர். 1999-இல் பிரதமர் அலுவலகம் அங்கே குடியேறிற்று. தோட்டத்து மக்களோ டெங்கில் தாமான் பெர்மாத்தாவின் அடுக்குவீடுகளுக்குப் பெயர்ந்தனர். தரைவீடு வேண்டுமென்று அவர்கள் பல்லாண்டுகள் குரல் எழுப்பினர்.

தோழர்களே, புதிய நகரங்களை நாம் வெறுக்கவில்லை; அவை பெருகட்டும். ஆயின், நகரத்தின் மாதிரியில் சாலையையும் மாளிகையையும் வைக்குமுன், அந்நிலத்தைத் திருத்தியவனுக்கு ஒரு வீட்டை முதலில் வைக்கட்டும். அங்ஙனம் செய்யாத எதிர்காலம், நம் மக்களுக்கு வேடிக்கை பார்க்கும் கண்காட்சியாகவே நின்றுவிடும்.