5 கிரெயின் மாத்திரையும் 175 என்ற கணக்கும்

ஆஸ்பிரின் ஏன் 325 மி.கி.ன்னு யோசிச்சிருக்கீங்களா? பழைய மருந்துக்கடை அளவில் அது 5 கிரெயின். நாங்க அந்த அளவை விட்டுட்டோம். துப்பாக்கிக் குண்டை மட்டும் இன்னும் கிரெயினில்தான் நிறுக்கிறாங்க.

1976-ல் அமெரிக்காவின் கொலம்பியா, மிசௌரியில் ஐ.பி.எஸ்.சி. என்ற கைத்துப்பாக்கிப் போட்டி அமைப்பு பிறந்தது. முதல் தலைவர் ஜெஃப் கூப்பர், .45 பிரியர். மெல்லிய தோட்டாவோடு வந்து ஜெயிச்சிடக் கூடாதே! முதலில் ஊசலைச் சுட்டு ஆட்டத்தை அளந்தாங்க. பிறகு கணக்கு வந்தது: குண்டின் எடையை, நொடிக்கு எத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி 1000-ஆல் வகுக்கணும். 175 வந்தா 'மேஜர்'. வராட்டி 'மைனர்', நடுவை விட்டு விலகிப் பட்டா ஒரு புள்ளி குறையும்.

1980-களில் ராப் லேதமும் பிரையன் எனோஸும் .38 சூப்பரோடு வந்தாங்க. மேகஸினில் கூடுதல் தோட்டா, உதைப்பும் குறைவு. ஆனா 115 கிரெயின் குண்டு 175-ஐத் தொட 1,522 அடி வேகம் வேணும். கடைத் தோட்டாவில் அது கிடையாது. அதனால வீட்டிலேயே பித்தளை உறையில் மருந்தை ஏத்தினாங்க.

பழைய பேரலில் உறையின் அடிப்பக்கம் கொஞ்சம் தாங்கலில்லாம இருக்கும். அங்கேதான் வெடிச்சது. முகத்தில் சூடான வாயுவும் பித்தளைத் துணுக்கும். இதுக்கு ஆட்டக்காரங்க வெச்ச பேர் 'சூப்பர் ஃபேஸ்'. சிரிப்பா இருக்கும். ஆனா கண்ணுக்குள் தங்கின பித்தளையிலிருந்து செம்பு கசிஞ்சா, லென்ஸில் சூரியகாந்திப் பூ மாதிரி புரை விழும்.

அப்புறம்தான் உறையை முழுசாத் தாங்குற பேரல் பரவுச்சு. அமெரிக்கப் போட்டிகளில் 175-ம் பின்னாடி 165-ஆ இறங்குச்சு.