மூளியான தேவி

மெலோஸ் தீவின் வீனஸ் சிலையை வகுப்பில் படமாகக் காட்டும்போதெல்லாம் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "கை எங்கே சார்?" பதினைந்து ஆண்டுகளாகக் கேள்வி மாறவில்லை, கேட்கும் முகங்கள்தாம் மாறுகின்றன. ஒப்பிலக்கியத் தாளில் கிரேக்கத் தொன்மங்களுக்கென்று ஒதுக்கப்படும் சொற்ப நேரத்தில் இக்கேள்விக்கு ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவது என் வழக்கம். உண்மையில் அக்கேள்விக்குள் இருநூறு ஆண்டுக் கலை வரலாறு அடங்கியிருக்கிறது என்பது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது.

தமிழில் மூளி என்றொரு சொல் உண்டு. விளிம்புடைந்த குடம் மூளிக்குடம். தோடில்லாத காது மூளிக்காது. பெண்ணை வைவதற்கும் அதே சொல்லை எடுப்பார்கள். பண்டத்தின் குறையையும் பெண்ணின் மீதான இளக்காரத்தையும் ஒரே சொல்லில் ஏற்றிவைத்திருக்கிறது மொழி. கிரேக்கத் தேவியர் நவீனக் கலைக்கு ஊற்றாக விளங்கினர் என்று பொதுவாக எழுதிவிடுகிறோம். ஆனால் முழுமையான தேவியரைக் காட்டிலும் மூளியான தேவியே நவீனக் கலைஞனை அலைக்கழித்தாள் என்பதே என் எண்ணம். அந்த அலைக்கழிப்பு எங்கே போய் முடிந்தது என்பதில்தான் நமக்கு வேலையிருக்கிறது.

1820ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். மெலோஸ் அப்போது ஒட்டோமான் பேரரசின் ஆளுகையில் இருந்த தீவு. கட்டுமானத்துக்குக் கல் தேடி நிலத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார் ஒரு குடியானவர். பழம்பொருள் ஆர்வம் கொண்ட ஒலிவியே வூத்தியே என்ற பிரெஞ்சுக் கடற்படை இளைஞரும் அருகில் இருந்தார். மண்ணுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் மேலுடல் வெளிப்பட்டது. பிறகு ஆடை சுற்றிய கீழுடல். இரண்டு பெரும் பளிங்குக் கற்களில் செதுக்கிப் பொருத்தப்பட்ட உருவம் அது. பிரெஞ்சு மாலுமிகளும் துருக்கியரும் கடற்கரையில் சிலைக்காக மோதிக்கொண்டபோது கைகள் உடைந்தன என்று ஒரு கதை நெடுங்காலம் உலவியது. வூத்தியே அப்போதே வரைந்த கோட்டோவியத்திலும் அவளுக்குக் கைகள் இல்லை. கதைக்கு அதோடு முடிவு.

பிரெஞ்சுத் தூதர் மார்க்கி த ரிவியேர் சிலையை வாங்கிப் பதினெட்டாம் லூயி மன்னருக்கு அளித்தார். 1821இல் அது லூவ்ர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. இந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். நெப்போலியன் இத்தாலியிலிருந்து அள்ளிவந்த கலைச்செல்வங்களை 1815இல் பிரான்ஸ் திருப்பித்தர நேர்ந்திருந்தது. ஃபிளாரன்ஸ் நகரத்தின் புகழ்பெற்ற மெதிச்சி வீனஸும் அப்படிப் போனவள்தான். காலியான பீடத்துக்கு இன்னொரு தேவி தேவைப்பட்ட வேளையில் இவள் வந்து சேர்ந்தாள். வந்தவள் பெருஞ்சிற்பி பிராக்சிட்டலீசின் காலத்தவளாக இருந்தால் பெருமைதான். சிலையோடு கிடைத்த பீடத்துண்டு ஒன்று அதற்குக் குறுக்கே நின்றது. மியாண்டர் ஆற்றங்கரை அந்தியோக்கியாவைச் சேர்ந்த சிற்பியொருவன் செய்தது என்று அதில் எழுதியிருந்தது. அந்நகரமோ பிராக்சிட்டலீசுக்குப் பிந்தையது. அந்தப் பீடத்துண்டு பிறகு காணாமற்போயிற்று! அதன் சித்திரம் ஒன்று மட்டும் எஞ்சியது. அருங்காட்சியகங்களில் கற்கள் தாமாக நடந்து போவதில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். இன்று அச்சிலை கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்பதே பொதுவான முடிவு.

உடைந்த பழஞ்சிலைக்குப் புதிதாக மூக்கும் கையும் பொருத்தி முழுமையாக்கிக் காட்டுவது அக்கால வழக்கம். கிரேக்கத்தின் ஏஜினா தீவிலிருந்து மியூனிக்குக்குப் போன சிற்பங்களுக்கு டென்மார்க்குச் சிற்பி தோர்வால்ட்சன் அவ்வாறே உறுப்புகள் செய்து சேர்த்தார். பார்த்தினான் சிற்பங்களைச் சீர்செய்யக் கேட்டபோது இத்தாலியச் சிற்பி கனோவா மறுத்துவிட்டார். அவற்றின் மேல் கைவைப்பதே தகாது என்றார். சுவை மாறிக்கொண்டிருந்த காலம். லூவ்ரிலும் கைகளைச் செய்து பொருத்தலாமா என்ற பேச்சு நடந்தது. எப்படிப்பட்ட கைகள் என்பதில்தான் உடன்பாடு வரவில்லை. கையில் ஆப்பிள் ஏந்தியிருந்தாள் என்றனர் சிலர். அருகில் கிடைத்த கைத்துண்டொன்றில் ஆப்பிள் இருந்ததும், தீவின் பெயரே ஆப்பிளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ஒத்திருப்பதும் அவர்களுக்குத் துணை. போர்த்தேவன் கேடயத்தைக் கண்ணாடியாகப் பிடித்திருந்தாள் என்றனர் வேறு சிலர். நூல் நூற்றுக்கொண்டிருந்தாள் என்ற கருத்தும் உண்டு. அதைச் சோதிக்க 2015இல் முப்பரிமாண அச்சில் கைகள் செய்து பொருத்திப் பார்த்தார்கள். என் மாணவர்கள் கேட்கும் கேள்வியைத்தான் அறிஞர்களும் இத்தனை காலமாகக் கேட்டிருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சிறு ஆறுதல்.

முடிவில் கைகள் பொருத்தப்படவில்லை. அந்தத் தயக்கம் எதிர்பாராத ஒன்றைச் செய்தது. குறையுள்ள உருவம் ஒன்றை அழகின் அளவுகோலாகப் பார்க்க ஐரோப்பியக் கண் பழகிப்போயிற்று.

பழகிய கண்ணிலிருந்துதான் ரோதின் வருகிறார். பழஞ்சிற்பத் துண்டுகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து வீட்டில் நிரப்பியவர் அவர். 1890களில் அவர் செய்த 'ஐரிஸ், தேவர்களின் தூதி' என்ற வெண்கலச் சிற்பத்தைப் பாருங்கள். வானவில்லின் தேவி அவள். தலை இல்லை, இடக்கை இல்லை, கால்கள் விரிந்து வெளியில் பாய்கிறாள். பார்த்தினான் முகட்டிலிருந்து லண்டனுக்குப் போன ஐரிசுக்கும் தலையும் கைகளும் இல்லை. அவளைக் காலம் உடைத்தது. இவளை உடைத்தது சிற்பியின் கை. முகமும் விரலும் இல்லாமலே ஓர் உடலால் முழுமையாகப் பேச முடியும் என்று அவர் நம்பினார். நவீனச் சிற்பத்தின் பிறப்பு இந்த நம்பிக்கையில்தான் என்பேன்.

1863இல் சாமத்ரேஸ் தீவில் கிடைத்த வெற்றித் தேவி நைக்கிக்கும் தலையும் கைகளும் இல்லை. சிறகுகள் மட்டும் உண்டு. 1909இல் இத்தாலியின் மரினெட்டி, ஓசையிட்டுப் பாயும் மோட்டார்க்கார் அவளைவிட அழகானது என்று தம் எதிர்காலவாத அறிக்கையில் அறிவித்தார். நான்கே ஆண்டுகளில் அவருடைய தோழர் போச்சோனி வேகத்தைச் சிற்பமாக்கினார். காற்றைக் கிழித்து நடக்கும் அந்த உருவத்துக்குக் கைகள் இல்லை. ஆடை அலைவதுபோல் உலோகம் பின்னால் அலைகிறது. மரினெட்டி பழித்த தேவியின் சாயல் அதில் அப்படியே இருக்கிறது.

அடுத்து வந்த மிகையதார்த்தவாதிகளிடம் வீனஸ் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1930களில் மாக்ரித் அவளுடைய சிறிய பிளாஸ்டர் வார்ப்பொன்றை எடுத்து, உடலுக்குத் தசை நிறமும் ஆடைக்கு நீலமும் பூசித் தலையை மட்டும் வெண்மையாக விட்டார். அதன் பெயர் 'செப்புக் கைவிலங்கு'. கையே இல்லாதவளுக்குக் கைவிலங்கு! 1936இல் மான் ரே, தலையும் கைகளும் அற்ற ஒரு வீனஸ் வார்ப்பைக் கயிற்றால் இறுகக் கட்டி அதற்கு 'சீர்செய்யப்பட்ட வீனஸ்' என்று பெயர் வைத்தார். பழஞ்சிலைகளைச் சீர்செய்த கூட்டத்தை இதைவிடக் கேலி செய்ய முடியாது. அதே ஆண்டில் டாலி, மூலச்சிலையில் பாதி உயரமுள்ள வார்ப்பின் நெற்றியிலும் மார்பிலும் வயிற்றிலும் முழங்காலிலும் இழுப்பறைகளைப் பொருத்தினார். அவற்றைத் திறக்க மென்மயிர்க் குஞ்சங்கள். கிரேக்கர் அறிந்த உடல் பிளேட்டோனியமானது, இன்றைய உடலோ இரகசிய அறைகள் நிறைந்தது, அவற்றைத் திறக்கும் சாவி ஃபிராய்டிடம் இருக்கிறது என்பது டாலியின் விளக்கம்.

விளக்கம் சுவையானதே. எனினும் இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது எனக்கு ஓர் உறுத்தல் ஏற்பட்டது. ஒருவர் பூசுகிறார், ஒருவர் கட்டுகிறார், ஒருவர் திறக்கிறார். தடுப்பதற்கு அவளுக்குக் கை இல்லை என்பது அவர்களுக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று! துண்டான உடலைக் கொண்டாடும் கலையில் துண்டாவது பெரும்பாலும் பெண்ணுடல்தான். 1962இல் நியூயார்க் மேடையொன்றில் நிக்கி த சாங் ஃபால் என்ற பெண் கலைஞர், வண்ணப் பொதிகளை உள்ளே வைத்த வீனஸ் வார்ப்பைத் துப்பாக்கியால் சுட்டு வண்ணம் வழியவிட்டது நினைவுக்கு வருகிறது. அவர் சுட்டது தேவியையா, அவளைச் சுற்றி எழுந்த அழகியலையா என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஒளிப்படக் கலை தொடக்கத்தில் தேவியரை வேடமாகவே எடுத்துக்கொண்டது. 1872இல் ஜூலியா மார்கரெட் கேமரன், ஆலிஸ் லிடலை ரோமரின் கனித்தேவி பொமோனாவாக நிறுத்திப் படமெடுத்தார். 1935இல் மேடம் இவோன்ட், லண்டன் உயர்குடிப் பெண்களைத் தேவியராகவும் தொன்ம மாந்தராகவும் ஒப்பனை செய்து, அன்று புதிதாயிருந்த வண்ண முறையில் எடுத்த தொடர் கண்ணைப் பறிக்கும். அதில் மினர்வாவின் கையில் கைத்துப்பாக்கி. கேமரன் தம் இறுதிக் காலத்தை இலங்கையில் கழித்து 1879இல் அங்கேயே மறைந்தவர். அங்கும் படமெடுத்தார். இங்கிலாந்தில் சீமாட்டிகளைத் தேவியராக்கிய அதே கருவியின் முன் அங்கே தோட்டத் தொழிலாளர்கள் பெரும்பாலும் பெயரின்றி நின்றார்கள். அது தனியாக எழுத வேண்டிய கதை.

ஒளிப்படம் உண்மையில் வீனஸின் முன் வந்து நின்றது 1987இல் என்பேன். அயர்லாந்தைச் சேர்ந்த மேரி டஃபி கைகளின்றிப் பிறந்தவர். அந்த ஆண்டு அவர் தம் உடலையே பொருளாக்கி எடுத்த ஒளிப்படத் தொடரின் தொடக்கத்தில், வெள்ளைத் துணியால் மூடுண்ட ஓர் உருவம். வீனஸின் இடையில் சரிந்து நிற்கும் பளிங்கு ஆடை நம் நினைவுக்கு வரும்படியான மடிப்புகள். துணி விலக விலக, கைகளற்ற உயிருடல் வெளிப்படுகிறது. பிறகு அவர் மேடையிலும் வீனஸின் நிலையில் ஆடையின்றி நின்றார். நின்றதோடு அமையாமல் பேசினார். சிறுமியாயிருந்தபோது தம்மை உற்றுப்பார்த்த மருத்துவர்களின் கண்களைப் பற்றியும், தம்மைச் சுட்ட அவர்கள் கையாண்ட சொற்களைப் பற்றியும் பேசினார். கயிற்றுக்கும் இழுப்பறைக்கும் வாய்திறவாது நின்ற தேவி முதன்முறையாகத் தன்னைப் பார்ப்பவரைத் திருப்பிப் பார்த்தாள்.

லெனார்ட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1995இல் இதை அழுத்தமாக எடுத்துரைத்தார். வீனஸைப் பார்ப்பவர் இல்லாத கைகளைத் தம் மனத்தில் நிரப்பிக்கொண்டு முழுமையான அழகியைக் கண்டு மகிழ்கிறார். அதே பார்வை கையில்லாத பெண்ணின் முன் அப்பணியைச் செய்ய மறுத்துப் பதறி விலகுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். கலை வரலாற்று நூல்கள் பலவற்றைப் புரட்டியபோதும் எனக்குப் பிடிபடாத ஒன்று இவ்விடத்தில் பிடிபட்டது. மூளி என்ற சொல் கல்லைத் தொடும்போது மெல்ல உதிர்ந்துவிடுகிறது. தசையைத் தொடும்போது ஒட்டிக்கொள்கிறது.

2005 செப்டம்பரில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில், நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்த நான்காவது பீடத்தில், மூன்றரை மீட்டர் உயர வெண்பளிங்குச் சிலை ஒன்று ஏறியது. மார்க் குவின் செய்தது. கைகளின்றியும் குறுகிய கால்களோடும் பிறந்த அலிசன் லாப்பர் என்ற ஓவியர் எட்டு மாதக் கர்ப்பிணியாக அதில் அமர்ந்திருந்தார். அருங்காட்சியகத்தில் உடைந்த சிலைகளை வியக்கும் மக்கள் அதே உடல் உயிரோடு வந்தால் என்ன செய்வார்கள் என்ற எண்ணமே தம்மை இவ்வரிசைச் சிற்பங்களுக்குத் தூண்டியது என்று குவின் கூறியிருக்கிறார். எதிர்ப்பு எழாமலில்லை, பொது இடத்தில் இது தேவையா என்று கேட்டவர்கள் பலர். அச்சதுக்கத்தின் நடுவே தூணின் உச்சியில் நிற்கும் நெல்சன் 1797இல் வலக்கையை இழந்தவர். அவருடைய வெற்றுச் சட்டைக்கையைப் பற்றி எவரும் முறையிட்டதாக நான் படித்ததில்லை.

2007வரை அச்சிலை அங்கே இருந்தது. 2012இல் லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவில் காற்றடைத்த பேருருவாக மீண்டும் எழுந்தது. குவின் சிலையை மெச்சுவோரில் பலர், அதில் அமர்ந்திருப்பவரும் ஒளிப்படக் கலைஞரே என்பதை அறியமாட்டார்கள். பிரைட்டனில் கலை பயின்று முதல் வகுப்பில் தேறியவர் லாப்பர். குவின் அழைப்பதற்கு முன்பே தம் உடலைத் தாமே படைப்புப் பொருளாக்கியவர். டஃபியும் அப்படித்தான். ஆயினும் பெரும்புகழ் பெற்ற படைப்பு, இம்முறையும் ஓர் ஆண் சிற்பி செதுக்கிய பெண்ணுடலாகவே அமைந்தது. அதை நான் குறையாகச் சொல்கிறேனா என்றால், ஆம், கொஞ்சம் குறையாகவே சொல்கிறேன்.

சிலை பீடமேறிய அதே ஆண்டில் லாப்பர் தம் வாழ்க்கைக் கதையை நூலாக வெளியிட்டார். அதன் தலைப்பைத் தமிழில் 'என் கைகளில் என் வாழ்க்கை' என்று சொல்லலாம்.