பாபா வழி, மாமா வழி

இலங்கையின் சிவனொளிபாத மலைக்கு நான் ஒத்திகை பார்த்தது சென்னைப் பரங்கிமலையில். அசோக் நகர் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்துப் போய், ஆர்மீனிய வணிகர் பெத்ருஸ் உஸ்கான் 18ஆம் நூற்றாண்டில் கட்டிக்கொடுத்த படிகளில் ஐந்து தரம் ஏறி இறங்குவேன். இது 300 அடி. அது 7,359 அடி. எந்த மூலைக்குக் காணும்?

ஆனால் ஒரு பொருத்தம் உண்டு. பரங்கிமலை புனித தோமாவின் மலை. இலங்கை மலையுச்சியில் உள்ள பாதச்சுவடும் தோமாவுடையதே என்று போர்த்துகீசியர் சிலர் சொல்லிப் பார்த்தார்கள்; எடுபடவில்லை. பௌத்தருக்கு அது புத்தர் பாதம், நமக்குச் சிவன் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் நபியின் பாதம்.

பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் சரித்திரம் நடத்தியவள் நான். எந்தப் பாடத்திலும் இல்லாத ஒரு கதையைப் பிள்ளைகளுக்குத் தவறாமல் சொல்வேன். 1344இல் மொராக்கோப் பயணி இப்னு பதூதா இலங்கையின் புத்தளத்தில் கரையிறங்கினார். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அப்போது அங்கே இருந்தார். அவருக்குப் பாரசீகம் புரியும். முத்துகளைக் காட்டி, வேண்டியதைக் கேளும் என்றார். விருந்தாளி கேட்டது ஒன்றே: ஆதம் பாதத்தைப் பார்க்க வேண்டும். சைவ அரசர் தயங்கவில்லை. பல்லக்கு, வழிகாட்ட நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், துணைக்குப் பத்துப் பேர், உணவுச் சுமை தூக்கப் பதினைந்து பேர்!

மலைக்கு இரண்டு வழிகள் என்று எழுதுகிறார் பதூதா. பாபா, அதாவது ஆதம், வழி கடினம். மாமா வழி சுலபம். (நம்மூர் மாமா இல்லை, ஏவாள்.) சுலப வழியில் ஏறினவரை யாத்திரை போனவராகவே எண்ண மாட்டார்களாம். பாபா வழியில் பாறையில் பத்து இரும்புச் சங்கிலிகள். பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர்: அங்கே நின்று கீழே பார்த்தால் தலை சுற்றும், வாய் தானாகக் கலிமா என்ற இஸ்லாமிய விசுவாச வாசகத்தைச் சொல்லும். போதாததற்கு மரத்திலிருந்து பாயும் அட்டைகள். அவற்றின்மேல் பிழிய ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கையில் இருக்கும்.

நான் ஏறியது நல்லதண்ணியிலிருந்து. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், வழிநெடுக விளக்கு. சங்கிலியும் இல்லை, அட்டையும் இல்லை. இரவு இரண்டு மணிக்கு ஒரு கடையில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரப் பெண் மலையகத் தமிழர்.

"பிளேன்டீ குடிச்சிட்டு ஏறுங்கம்மா. மேல காத்து வெட்டும்."

பழைய சங்கிலிகளைக் கேட்டேன்.

"அது ரத்தினபுரிப் பக்கமா ஏறுற பாதைம்மா. எங்கப்பா ஒருக்கா அப்படிப் போனாரு. ரெண்டு நாளு படுத்துட்டாரு."

உச்சியில் ஒரு மணி. எத்தனை முறை ஏறியிருக்கிறோமோ அத்தனை முறை அடிக்கலாம். எனக்கு முன்னால் நின்ற சிங்களப் பாட்டி அடித்துக்கொண்டே இருந்தார். பதினொன்றுக்குமேல் எண்ண விட்டுவிட்டேன். என் முறை வந்தது. பதூதா கணக்குப்படி எனக்கு ஒன்றுகூடக் கிடையாது. ஒன்று அடித்தேன்.