தையல் எந்திரம் தேர்ந்து வாங்குதல் (தென்காசி வட்டாரம்)

தையல் எந்திரம், தென்காசி மாவட்டத்தில் பெரும்பாலும் வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்களின் கருவி. சங்கரன்கோவில், புளியங்குடிப் பக்கம் தறி ஓடும் ஊர்கள். ஆலங்குளம், கடையம் பக்கம் பீடி சுற்றும் ஊர்கள். இரண்டு பக்கத்திலும் முன்னறையில் ஒரு மிஷினைப் போட்டு ரவிக்கை, நைட்டி, பள்ளிச் சீருடை, சேலை ஓரம் தைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. கையிருப்பைத் திரட்டி வாங்கும் பொருள் என்பதால் வேகத்தையோ விளம்பரத்தையோ பார்த்து எடுத்தால் நட்டம் நேரும். என்ன துணி தைக்கப்போகிறோம், பழுதானால் யார் வந்து பார்ப்பார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.

அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இலும் ஐசக் சிங்கர் 1851இலும் காப்புரிமை பெற்ற எந்திரங்களிலிருந்து இன்றைய வடிவம் வளர்ந்தது. மேல்நூல் ஒன்று, பாபினில் கீழ்நூல் ஒன்று, இரண்டும் துணிக்கு நடுவில் பின்னிக்கொள்ளும் பூட்டுத் தையல் என்ற அடிப்படை அப்போதிருந்து மாறவில்லை. எந்திரங்களைக் கடுமையாக விமரிசித்த காந்தி, 1924இல் ‘யங் இந்தியா’வில் வெளிவந்த உரையாடலில் சிங்கர் தையல் எந்திரத்துக்கு விலக்கு அளித்தார். கேள்வி கேட்டவர், பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜி. ராமச்சந்திரன். 1930களில் கல்கத்தாவில் உருவான உஷாவும், லூதியானா பட்டறைகளில் வார்க்கப்பட்ட பல பெயர் கொண்ட கறுப்பு மிஷின் தலைகளும் இந்தக் கருவியை இந்திய வீடுகளுக்குள் கொண்டுவந்தன.

வகைகள்

இரும்பு ஸ்டாண்டும் பெடலும் கொண்ட கால் மிஷின் நேர்த்தையல் மட்டுமே போடும். மின்சாரம் வேண்டாம், வேண்டுமென்றால் சிறு மோட்டாரைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம். நாளுக்கு இரண்டு மூன்று ரவிக்கை தைப்பவருக்கு இதுவே போதும். பவர் மிஷின் என்பது தொழிற்சாலை வகை. ஜூக்கி நிறுவனத்தின் டிடிஎல்-8700 போன்றவை நிமிடத்துக்கு 5,500 தையல் வரை ஓடக்கூடியவை. ஒரே நீளத் தையலை நூற்றுக்கணக்கில் அடிக்கும் சீருடை, நைட்டி வேலைக்கு அந்த வேகம் காசாகும். வளைத்து வளைத்துத் தைக்கும் ரவிக்கைக் கழுத்துக்கு அதில் பாதிகூடப் பயன்படாது. பவர் மிஷின் எடுப்பவர் பழைய கிளட்ச் மோட்டாரைத் தவிர்த்து சர்வோ மோட்டாராக வாங்குவது நல்லது. கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் சுழன்று மின்சாரம் தின்னும். சர்வோ, காலை அழுத்தும்போது மட்டுமே ஓடும். பட்டன் துளை, ஜிக்ஜாக் எல்லாம் ஒன்றிலேயே வேண்டும் என்போருக்கு மேசைமேல் வைக்கும் வீட்டு மிஷின்கள் இருக்கின்றன; கனத்த துணியை அன்றாடம் தைக்க அவை தாங்காது.

கையின் நீளம்

மிஷினின் கை நீளத்தை, அதாவது ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் இடையிலுள்ள இடைவெளியை, பலர் பார்ப்பதே இல்லை. வீட்டு மிஷினில் அது ஆறு, ஏழு அங்குலம் இருக்கும். ரவிக்கைக்கு அது தாராளம். இரண்டு துணிக்கு நடுவே பஞ்சுத் தாள் வைத்து, மேலெல்லாம் கோலம்போல் தைக்கும் கனப்போர்வைக்கு அது போதாது. இரட்டைக் கட்டில் அளவுப் போர்வையின் நடுப்பகுதியைத் தைக்கும்போது பாதிப் போர்வை சுருண்டு அந்த இடைவெளிக்குள் அடைந்துகொள்ளும்.

இதற்காகவே நீள்கை எந்திரம் வந்தது. அதன் இடைவெளி 18 அங்குலத்தில் தொடங்கி 30 அங்குலம்வரை போகும். போர்வை சட்டத்தின் உருளைகளில் விறைப்பாகச் சுற்றியிருக்க, மிஷினின் தலைதான் தண்டவாளத்தில் நகரும். தைப்பவர் நின்றபடி கைப்பிடியைப் பிடித்து நகர்த்துவார். கை வேகமானாலும் மெதுவானாலும் தையல் ஒரே நீளத்தில் விழும்படி ஓர் உணரி பார்த்துக்கொள்ளும். கேமில், ஹேண்டி குவில்டர், ஏபிக்யூஎஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் இதில் பெயர் பெற்றவை. பெரிய சட்டத்துக்குப் பத்துப் பன்னிரண்டு அடி நீளமும் இரு பக்கமும் ஆள் நடக்க இடமும் வேண்டும். விலை பல ஆயிரம் டாலர், அதற்குமேல் சுங்கம். தென்காசியில் ஒருவர் தனியாக இதை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். போர்வை ஆர்டர் கையிலுள்ள மகளிர் குழு சேர்ந்து வாங்கினால் பொருள் உண்டு. இங்கு இலவம்பஞ்சு மெத்தையைக் குத்தித் தைப்பது இன்றும் நீள ஊசியும் கையும்தான். அந்தக் கனத்தை இந்த மிஷின்கள் ஏற்காது.

சாரலும் துருவும்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் சாரல், குற்றாலத்துக்குக் கூட்டத்தையும் மிஷினுக்குத் துருவையும் கொண்டுவருகிறது. ஊசித்தட்டு, பாபின் கேஸ், ஊசிக்கம்பி மூன்றும் முதலில் செம்மை பூக்கும். கால் மிஷினின் தோல் பெல்ட் ஈரத்தில் தளர்ந்து வழுக்கும். கொஞ்சம் வெட்டி மறுபடி கம்பி போட்டு இணைக்க வேண்டியிருக்கும். வீட்டிலிருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடுவது பெருந்தவறு. அது 24 டிகிரியை ஒட்டி உறையத் தொடங்கும். சாரல் காலத்து விடியலில் அந்தக் குளிர் இங்கே சாதாரணம். உறையாவிட்டாலும் நாளடைவில் பிசினாகி மிஷினை இறுக்கிவிடும். மிஷின் எண்ணெய் மட்டுமே விட வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை

அன்றாடம் தைக்கும் துணியின் துண்டுகளைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கடைக்காரர் தரும் விறைப்பான காடாத் துணியில் எந்த மிஷினும் அழகாகத் தைக்கும். மெல்லிய பாப்ளின், வழுக்கும் சில்க், நாலு மடிப்பு ஜீன்ஸ் மூன்றிலும் ஓட்டிப் பார்ப்பது முறை. கீழ்நூல் மேலே புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் மேல்நூல் இறுக்கம் அதிகம். அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் இறுக்கம் குறைவு. திருகைத் திருப்பியும் சரியாகாத மிஷினை எடுக்கக் கூடாது.

பாபின் கேஸைக் கழற்றி நூலைப் பிடித்துத் தொங்கவிட வேண்டும். கையை லேசாகச் சொடுக்கினால் கேஸ் சிறிது இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று தரைக்குப் போனாலும், அசையாமல் தொங்கினாலும் கீழ்நூல் இறுக்கம் சரியில்லை.

பழைய மிஷின் வாங்குவது தவறில்லை. வார்ப்பிரும்புத் தலை தலைமுறை தாண்டி உழைக்கும். சக்கரத்தைக் கையால் சுற்றி எங்கும் பிடிக்காமல் வருகிறதா, ஊசிக்கம்பியைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடுகிறதா, துணியைத் தள்ளும் பற்கள் தேய்ந்து மழுங்கியுள்ளனவா என்று பார்த்துவிட்டால் போதும். ஊசியையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: வீட்டு மிஷின் ஊசியின் தலை ஒருபக்கம் தட்டை, பவர் மிஷின் ஊசியின் தலை உருண்டை, ஒன்றுக்கொன்று பொருந்தாது. உதிரிப்பாகம் தென்காசியிலோ திருநெல்வேலியிலோ கிடைக்காத மிஷின், எவ்வளவு மலிவானாலும், தீபாவளி நெருக்கத்தில் முடங்கினால் அந்தப் பருவத்து வருமானமே போய்விடும்.

உதவித் திட்டங்கள்

கணவரை இழந்தவர், கைவிடப்பட்டவர், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் ஆகியோருக்கு சமூக நலத் துறையின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் எந்திரத் திட்டம் உண்டு. தையல் தெரியும் என்பதற்கான சான்று கேட்பார்கள். 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தின் 25 தொழில்களில் தையலும் ஒன்று. 35 வயது நிரம்பியவர் 3 இலட்சம் ரூபாய் வரை கடனும், 50,000 ரூபாய்க்கு மிகாத மானியமும் பெறலாம். இந்தக் கடனில் பவர் மிஷினோடு ஓர் ஓவர்லாக் மிஷினையும் சேர்த்து எடுத்துக்கொள்வது வீட்டுத் தொழிலுக்குப் பொருத்தமானது. ஓரம் அடிக்க வேறு கடைக்குத் துணி கொடுத்தனுப்பும் செலவு அதோடு நிற்கும்.