இரத்தம் குடித்தது யார்?

பேய் பிசாசு என்பன நம்மவர்க்கே உரிய மடமை என்றும், மேல்நாட்டார் அதனை என்றோ கடந்துவிட்டனர் என்றும் நம்மிற் சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு. புதைகுழியினின்று இரவில் எழுந்து உயிருள்ளோரின் இரத்தத்தைக் குடிக்கும் பிரேதத்தைக் குறித்து ஐரோப்பா நடுங்கிய காலமுண்டு. 'வாம்பயர்' என்னும் அவ்விரத்தக் காட்டேரியின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

1718ஆம் ஆண்டு உடன்படிக்கையால் செர்பியாவின் வடபகுதி துருக்கியரிடமிருந்து ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் வசமாயிற்று. 1725இல் அங்குள்ள கிசில்யேவோ என்னும் சிற்றூரில் பீட்டர் பிளகோயேவிச் என்ற குடியானவன் இறந்தான். அவனைப் புதைத்துப் பத்து வாரம் சென்றபின், ஒன்பது பேர் அடுத்தடுத்து மாண்டனர். பீட்டர் வந்து தங்கள் கழுத்தை நெரித்ததாக அவர்கள் சாகுந்தறுவாயில் கூறினராம். குழியைத் தோண்ட அனுமதி வேண்டும், இன்றேல் ஊரை விட்டே போவோம் என்றனர் ஊரார். தோண்டியபோது பிரேதம் அழுகாதிருந்தது. வாயில் இரத்தம் காணப்பட்டது. கூரிய கழியை அதன் மார்பில் அறைந்து, பின் எரித்துவிட்டனர். உடனிருந்த அதிகாரி மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில், இதிற் பிழையிருப்பின் குற்றம் தம்முடையதன்று, அச்சத்தால் மதியிழந்த கும்பலுடையதே என்று எழுதித் தம்மைக் காத்துக்கொண்டார்!

அடுத்தது மெட்வேஜா என்னும் ஊர். 1731ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே மூன்று மாதத்திற்குள் பதினேழு பேர் இறந்தனர். இரவில் இரண்டு மூன்று குடும்பத்தார் ஒரே வீட்டிற் கூடி, சிலர் உறங்கச் சிலர் விழித்திருந்து காவல் காத்தனர். முதலில் வந்த கிளேசர் என்னும் வைத்தியர் உயிரோடிருந்தவர்களைப் பரிசோதித்தார். தொற்றுநோய் எதுவும் அவருக்குப் புலப்படவில்லை. போதிய உணவின்மையும் கடும் விரதமுமே சாவுக்குக் காரணம் என்று அவர் கருதினார். ஆயினும் ஊராரின் மனத்தைச் சாந்தப்படுத்துமாறு மேலிடத்துக்கு யோசனை கூறினார். 1732 ஜனவரியில் ராணுவ வைத்தியர்கள் வந்தனர். குழிகள் தோண்டப்பட்டன. அழுகியவை மீண்டும் புதைக்கப்பட்டன. அழுகாதவற்றின் தலையை வெட்டி, உடலை எரித்து, சாம்பலை மொராவா நதியில் கரைத்தனர். அவற்றுள் ஒன்று, பிரசவத்தில் மாண்ட இருபது வயதுப் பெண்ணின் உடல். பெற்ற வயிறும் உடன்பிறந்தாரும் அதனைக் கண்டு நின்ற நிலையை நினைக்க நம் நெஞ்சம் பதைக்கிறது. படித்த வைத்தியர்கள் கையொப்பமிட்ட அறிக்கையாதலால் செய்தி எங்கும் பரவிற்று. அவ்வாண்டிலேயே லண்டன் பத்திரிகைகளிலும் 'வாம்பயர்' என்னும் சொல் அச்சேறிற்று.

உண்மை யாது? பிணம் அழுகுங்கால் உள்ளே வாயு பெருகி வயிறு உப்பும். அவ்வாயு இரத்தங் கலந்த நீரை வாய்க்குத் தள்ளும். தோல் சுருங்குவதால் நகமும் மயிரும் வளர்ந்தனபோல் தோன்றும். மார்பிற் கழியை அறைந்தால், அடைபட்ட வாயு தொண்டை வழியே வெளிவந்து முனகல்போல் ஒலிக்கும். குளிர்ந்த மண்ணில் உடல் மெதுவாகவே கெடும். அரண்டவன் கண்ணுக்கு இவையெல்லாம் பேயின் அடையாளங்களாயின!

1755இல் மீண்டும் ஒரு பெண்ணின் பிணம் தோண்டி எரிக்கப்பட்டது. இம்முறை மரியா தெரேசா சக்கரவர்த்தினி தம் வைத்தியர் வான் ஸ்வீட்டனிடம் ஆராயுமாறு பணித்தார். குளிரும் காற்றுப் புகாமையும் உடலைக் கெடாது காக்கும் என்றும், காட்டேரி என்பது வெறும் மூடநம்பிக்கை என்றும் அவர் எழுதினார். இத்தகைய கொடுமைகளைத் தடுத்து அவ்வாண்டே கட்டளை பிறந்தது. பின்னர் பிரெஞ்சு அறிஞர் வால்டேர், நகரங்களிற் பட்டப்பகலில் மக்களின் இரத்தத்தை உறிஞ்சும் வியாபாரிகள் உண்டு. அவர்கள் செத்தவர்கள் அல்லர் என்று நகையாடினார்.

சுடுகாட்டை விட்டகன்ற காட்டேரி பின்னர் நூலகத்திற் புகுந்தது. 1819இல் போலிடோரி என்னும் வைத்தியர் எழுதிய கதையிலே அது ஏழைக் குடியானவனின் உருவை விட்டுப் பிரபுவின் உடையை அணிந்தது. 1897இல் பிராம் ஸ்டோக்கர் என்னும் அயர்லாந்துக்காரர் 'டிராகுலா'வை வெளியிட்டார். 1922இல் ஜெர்மனியில் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' என்னும் படமே சூரிய ஒளியில் காட்டேரி மடியும் என்ற கற்பனையைப் பரப்பியது. ஸ்டோக்கரின் பிரபு பகலிலும் நடமாடுபவன். கதையாகவும் படமாகவும் இவற்றைச் சுவைப்பதில் குற்றமில்லை என்பதே நம் கருத்து.

ஆனால், அதே 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்னும் வைத்தியர், ஒரு கொசுவின் வயிற்றிலே மலேரியாக் கிருமியைக் கண்டார். இரவில் வந்து, உறங்குவோரின் இரத்தத்தைக் குடித்து, வீட்டுக்கு வீடு சாவைப் பரப்பிய மெய்யான காட்டேரி அதுவன்றோ? 1901இல் மலாயாவின் கிள்ளானில் பணியேற்ற டாக்டர் மால்கம் வாட்சன், அங்கே சதுப்பு நீரை வடியச் செய்து காய்ச்சலைக் குறைத்தார். பின்னர் தோட்டங்களிலும் அம்முறை பரவிற்று. நம் தோட்டங்களில் எத்தனை பேரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று என்பதை நம் பெரியோர் அறிவர். காவு கொடுத்தும் கயிறு கட்டியும் காப்பாற்ற முடியாத உயிர்களை வடிகாலும் கொய்னாவும் காத்தன.

மெட்வேஜா மக்கள் தீயவர் அல்லர். தம் மக்களைக் காக்கவே அவர்கள் விழித்திருந்தனர். அவர்கள் காவல் காத்த திசையே தவறு. ஒரு வீட்டில் அடுத்தடுத்துச் சாவு நேருங்கால், குழியிலுள்ளவனைப் பழிக்கு முன், அவ்வீட்டுக் கிணற்றையும் சாக்கடையையும் அடுப்பிலுள்ள சட்டியையும் நோக்குவோமாக. செத்தவர் இரத்தம் குடிப்பதில்லை.