இல்லறத்தில் ஒரு துறவொழுங்கு

மடத்து ஆன்மிகம் குருக்களுக்கும் கன்னியருக்கும் உரியது, குடும்பத்தாருக்கு ஞாயிறு பூசையும் செபமாலையும் போதும் என்ற எண்ணம் நம் பங்குகளில் ஆழ வேரோடியிருக்கிறது. புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்குநூலைக் கையில் எடுப்பவருக்கு இந்த எண்ணம் நிலைக்காது. ஆறாம் நூற்றாண்டில் மோன்தே காசினோ மலையில் அவரோடு வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் குருப்பட்டம் பெறாத எளிய மனிதர்கள். அவரே குருவானவராக இருந்ததற்கும் சான்று இல்லை. மடத்தில் சேர விரும்பும் குருக்களைச் சட்டென்று ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்று 60ஆம் அதிகாரத்தில் அவர் எச்சரிக்கவும் செய்கிறார்.

நூலில் மொத்தம் 73 அதிகாரங்கள். உறக்கம், உடை, உணவின் அளவு, திராட்சை இரசத்தின் அளவு எல்லாம் அவற்றில் வருகின்றன. எனக்கு மிகவும் பிடித்தது சமையலறையைப் பற்றிய 35ஆம் அதிகாரம். நோயாளிகளையும் பெரும் பொறுப்பில் இருப்பவர்களையும் தவிர, எல்லாரும் முறைவைத்து ஒவ்வொரு வாரம் சமையலறையில் பணி செய்யவேண்டும். தன் வாரம் முடிகிற சனிக்கிழமை, பணியாளர் எல்லாவற்றையும் துப்புரவாக்க வேண்டும். சகோதரர்கள் கைகால் துடைத்த துண்டுகளைத் துவைக்க வேண்டும். பாத்திரங்களை உடைசல் இல்லாமல், கழுவிச் சுத்தமாகப் பண்டகப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். பணி முடித்தவரும் பணி ஏற்பவரும் சேர்ந்து அனைவரின் பாதங்களையும் கழுவுகிறார்கள். மறுநாள் காலைப் புகழ் முடிந்ததும் இருவரும் ஆலயத்தில் எல்லார் முன்னும் தாழ விழுந்து வணங்கித் தங்களுக்காகச் செபிக்கக் கேட்கிறார்கள். வாரத்தைத் தொடங்குபவர் 70ஆம் திருப்பாடலின் முதல் வரியை மூன்று முறை சொல்லுகிறார். கடவுளின் துணையை வேண்டும் அதே வரியைத்தான் திருச்சபையின் வேளைச் செபமான திருப்புகழ்மாலையின் தொடக்கத்திலும் நாம் சொல்லுகிறோம். பாத்திரம் துலக்கப் போகிறவருக்கும் திருப்பாடல் பாடப் போகிறவருக்கும் வாசல் ஒன்றே. மடத்துப் பொருள்கள் அனைத்தையும் பீடத்தின் பாத்திரங்களாகக் கருதும்படி 31ஆம் அதிகாரம் பண்டகப் பொறுப்பாளருக்குச் சொல்வதும் இதே மனநிலையில்தான்.

மணி அடித்ததும் கையிலிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டுச் செபத்துக்கு விரையவேண்டும் என்கிறது 43ஆம் அதிகாரம். வீட்டில் அந்த மணியை அடிப்பது யார்? இதற்கு என் அறிவுக்கு எட்டிய மிகச் சிறந்த விடை, உரோமை நகரின் புனித பிரான்செஸ்காவின் (1384–1440) வாழ்க்கை. இளம் பருவத்திலேயே லொரென்சோ பொன்சியானிக்கு மணமுடிக்கப்பட்டு, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இல்லறம் நடத்தியவர். கொள்ளைநோய்க்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். நோயாளிகளுக்காகத் தம் வீட்டையே மருத்துவமனை ஆக்கியவர். மாதாவின் செபநூலை அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது வீட்டார் அழைத்தார்களாம். எழுந்து போய் வேலையை முடித்துவிட்டு வந்து விட்ட வரியில் தொடங்கினார். மறுபடியும் அழைப்பு வந்தது. இப்படிப் பலமுறை நடந்தபின் திரும்பிவந்து பார்த்தால் அந்த வரி பொன் எழுத்துகளில் மின்னியது என்பது மரபு. பொன்னெழுத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். என்னை ஈர்ப்பது அவர் ஒவ்வொரு முறையும் எழுந்ததுதான். துறவி வேலையை விட்டுச் செபத்துக்கு எழுகிறார், இல்லத்தரசி செபத்தை விட்டு வேலைக்கு எழுகிறார். இரண்டும் ஒரே கீழ்ப்படிதல். சொந்த விருப்பத்தை முறித்துக்கொள்ளும் அந்த நொடியைத்தான் மடங்கள் இத்தனை நூற்றாண்டுகளாகப் பயிற்றுவித்து வருகின்றன.

1425இல் பிரான்செஸ்காவும் தோழியர் சிலரும் ஆசீர்வாதப்பர் மரபில் தங்களை அர்ப்பணித்துக்கொண்டார்கள். அப்போது அவர் கணவருடன்தான் வாழ்ந்துகொண்டிருந்தார். 1433இல் அந்தத் தோழியருக்கான தோர் தெ ஸ்பெக்கி இல்லம் தொடங்கியபின்பும் அவர் அங்கே குடிபோகவில்லை. 1436இல் கணவர் இறந்த பிறகே போனார். இன்று பல நாடுகளில் 'ஒப்லேட்' என்ற பெயரில் குடும்பத்தார் ஏதேனும் ஒரு குறிப்பிட்ட மடத்தோடு தங்களை இணைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் பிரான்செஸ்காவே பாதுகாவலி. நியூயார்க்கின் ஏழைகளுக்கு விருந்தோம்பல் இல்லம் நடத்திய டாரத்தி டே 1955இல் இல்லினாய் மாநிலத்தின் புனித புரோகோபியுஸ் மடத்தில் ஒப்லேட் ஆனார். வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்லும் 53ஆம் அதிகாரத்துக்கு அவர் வாழ்க்கையைவிட நல்ல உரை கிடையாது. நம் மண்ணில், குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950இல் தொடங்கிய சாந்திவனம் ஆசிரமமும் பின்னாளில் ஆசீர்வாதப்பர் மரபின் கமால்தொலி சபையோடு இணைந்தது.

நிலைத்திருத்தல், கீழ்ப்படிதல், வாழ்வை இடைவிடாது திருத்திக்கொள்ளுதல் என்று துறவி தரும் வாக்குகளில், குடும்பத்தாருக்குக் கடினமானது முதலாவதே என்பேன். அதே மாமியார், அதே சம்பளம், அதே பக்கத்து வீட்டுக்காரர். ஓடிப்போக இடமில்லாத இந்த நிலையைத்தான் துறவி விரும்பி ஏற்கிறார். நமக்கோ அது கேட்காமலேயே வாய்த்திருக்கிறது.

தொடங்க நினைப்பவர்கள் ஏழு வேளைச் செபத்தையும் ஒரேயடியாக இழுத்துப் போட்டுக்கொள்ளவேண்டாம். காலைப் புகழோ இரவுச் செபமோ ஒன்று போதும். பொதுநிலையினரும் திருப்புகழ்மாலையைச் சொல்லும்படி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே ஊக்கப்படுத்தியிருக்கிறது. இதற்குத் தனியறை கட்டாயமல்ல. தொலைவில் வேலை செய்து நேரத்துக்கு ஆலயம் வரமுடியாதவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே செபிக்கட்டும், பயணத்தில் இருப்பவர்கள் தங்களால் இயன்றவரை செபிக்கட்டும் என்று 50ஆம் அதிகாரம் இடம் கொடுக்கிறது. காலை ஏழு மணிப் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கைபேசியில் திருப்பாடல் வாசிக்கும் அலுவலகப் பெண்ணும் அந்த அதிகாரத்துக்குள்தான் இருக்கிறார்.