கூட்டுச்சொல்லில் அசைப்பிரிப்பு

கூட்டுச்சொல்லில் அசைப்பிரிப்பு என்பது, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சொற்கள் இணைந்து உருவான சொல்லை ஒலிக்கும்பொழுது அதன் அசைகள் எங்கே பிரிகின்றன என்பதைக் குறிக்கும். சொற்கள் இணையும் எல்லையும் அசையின் எல்லையும் எப்பொழுதும் ஒன்றாக அமைவதில்லை. டச்சு போன்ற மொழிகளில் சொல்லழுத்தமும் இதனுடன் சேர்த்து ஆராயப்படுகிறது. பொருளை வேறுபடுத்தும் சொல்லழுத்தம் தமிழில் இல்லை. எனவே சொல்லெல்லையை உணர்த்தும் பணியைப் புணர்ச்சியும் இசையுமே செய்கின்றன.

ஊர்ப்பெயர்கள்

புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள கறம்பக்குடி என்னும் ஊரின் பெயர் இதற்கு எளிய எடுத்துக்காட்டாகும். "கறம்ப", "குடி" ஆகிய பகுதிகளுக்கு இடையே ககர மெய் மிகுந்துள்ளது. இப்பெயர் ஒலியியல்படி க-றம்-பக்-கு-டி என ஐந்து அசைகளாகப் பிரியும். மிகுந்த மெய் முன்னுள்ள அசையோடு சேர்ந்து அதனை மூடுகிறது. யாப்பிலக்கணப்படியோ கறம்/பக்/குடி என நிரை, நேர், நிரை ஆகிய மூன்று அசைகளே உள்ளன, வாய்பாடு புளிமாங்கனி. இவ்விரு வகைப் பிரிப்புக்கும் "அசை" என்னும் ஒரே சொல் வழங்குவதால் மாணவர்கள் குழம்புவதுண்டு.

மன்னார்குடியில் மெய் மிகவில்லை. அதனால் குடியின் ககரம் மெலிந்து ஒலிக்கிறது. கறம்பக்குடி, காரைக்குடி, தூத்துக்குடி ஆகியவற்றில் அது வல்லொலியாகவே நிற்கிறது. ஆகவே வல்லினம் மிகுதல் வெறும் எழுத்து மரபு அன்று. "தந்த பலகை" ஒருவர் கொடுத்த பலகை. "தந்தப்பலகை" யானைத் தந்தத்தால் ஆனது.

பொருள் மயக்கம்

எழுத்து ஒன்றாகவே இருந்து, பிரிக்கும் இடத்தால் பொருள் மாறுவதும் உண்டு. இத்தகைய புணர்ச்சியில் பொருள் வேறுபாடு இசையால் விளங்கும் என்று தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் புணரியல் கூறுகிறது. உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு "செம்பொன்பதின்றொடி" என்பதாகும். தொடி என்பது ஒரு நிறையளவு. செம்பொன் + பதின்தொடி எனப் பிரித்தால் பத்துத் தொடி பொன். செம்பு + ஒன்பதின்தொடி எனப் பிரித்தால் ஒன்பது தொடி செம்பு மட்டுமே. பின்னதில் செம்பு என்பதன் இறுதிக் குற்றியலுகரம் கெட்டு, பகர மெய்யின்மேல் ஒகரம் ஏறுவதால் இரண்டும் ஒரே வடிவம் பெறுகின்றன. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இது சிறிய வேறுபாடு அன்று!

டச்சு மொழி

டச்சு மொழியிலும் இதற்கு இணையான சொற்கள் உள்ளன. "குவார்ட்சுலாகன்" என்பதைக் குவார்ட்-சுலாகன் எனப் பிரித்தால் கால் திருப்பங்கள் என்றும், குவார்ட்சு-லாகன் எனப் பிரித்தால் குவார்ட்சுப் படிவுகள் என்றும் பொருள்படும். இரண்டிலும் முதன்மை அழுத்தம் முதல் உறுப்பிலேயே விழுவதால், அழுத்தம் இங்கு உதவுவதில்லை. டச்சுக் கூட்டுப்பெயர்களில் பெரும்பாலும் முதல் உறுப்பே அழுத்தம் பெறும். நகரமன்றக் கட்டடத்தைக் குறிக்கும் சொல் போன்ற சிலவற்றில் மட்டும் அது இரண்டாம் உறுப்புக்குச் செல்கிறது.